சின்ன பீப் கருவி போதுமா, திரை வேண்டுமா? ஹேங் கிளைடருக்கு வேரியோ தேர்ந்தெடுப்பது எப்படி

ஹேங் கிளைடரில் தொங்கும் பைலட்டின் உடல், வேகம் மாறுவதைத்தான் உணரும். ஒரே சீராக ஏறுவதை உணராது. தெர்மலுக்குள், அதாவது சூடாகி மேலெழும் காற்றுக்குள், நுழையும் கணத்தில் ஒரு தூக்கல் தெரியும். அதன்பின் வினாடிக்கு 3 மீட்டர் ஏறினாலும் 1 மீட்டர் இறங்கினாலும் உடலுக்கு இரண்டும் ஒன்றுதான். மலைச்சரிவை விட்டு நன்றாக உயர்ந்துவிட்டால் கண்ணாலும் கணிக்க முடியாது. 1920களின் இறுதியில் அலெக்ஸாண்டர் லிப்பிஷ் யோசனை சொல்ல, ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் தன் கிளைடரில் ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரை (சுருக்கமாக வேரியோ) வைத்துப் பறந்த காலத்திலிருந்து இந்தக் குறையை நிரப்புவது அந்தக் கருவிதான். அன்று அது முள் காட்டியது. இன்று தீப்பெட்டி அளவில், ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு காதோரம் பீப் அடிக்கிறது.

இன்று வாங்கப் போகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. காற்றழுத்தத்தை மட்டும் அளந்து ஒலி எழுப்பும் மினி வேரியோ முதலாவது. சூரிய ஒளியில் ஓடும் லெபிப்பிப் போன்றவை இந்த வகை. அழுத்தத்தோடு, வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியையும் சேர்த்துக் கணக்கிடும் மினி வேரியோ இரண்டாவது. எக்ஸ்சி ட்ரேசர் வரிசை இதற்கு நன்கு தெரிந்த உதாரணம், புளூடூத் வழியாகப் போனுக்கும் தகவல் அனுப்பும். வெறும் போனும் செயலியும் மூன்றாவது. ஜிபிஎஸ், வரைபடம், பதிவு எல்லாம் கொண்ட பெரிய திரைக் கருவி நான்காவது.

கடையில் நிற்கும்போது திரைதான் கண்ணைப் பறிக்கும். பறக்கும்போது கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது: சரிவு எவ்வளவு தூரத்தில், அதே தெர்மலில் யார் சுற்றுகிறார்கள், மேகத்தின் அடி எங்கே. அதனால் ஹேங் கிளைடருக்கு வேரியோ என்றால் முதலில் ஒலி, பிறகுதான் மற்றது. எத்தனை வினாடி தாமதமாகச் சொல்கிறது, எந்த இடத்தில் பொருத்த முடியும், காற்றிரைச்சலில் கேட்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தபின் திரையைப் பற்றி யோசித்தால் போதும்.

தாமதம்

கடல்மட்டத்துக்கு அருகே 1 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். 3000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 9 பாஸ்கல்தான். பல வேரியோக்களில் பயன்பட்ட எம்எஸ்5611 சென்சாரின் நுண்மை, அதன் மிகத் துல்லியமான அளவீட்டு நிலையில், சுமார் 1.2 பாஸ்கல். உயரத்தில் சொன்னால் 10 செ.மீ. அதாவது வினாடிக்கு 0.1 மீட்டர் ஏற்றத்தில் ஒரு வினாடி முழுக்க நிகழும் மாற்றமும், ஒற்றை அளவீட்டில் வரும் தடுமாற்றமும் ஏறத்தாழ ஒரே அளவு. எனவே கருவி பல அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தே ஆகவேண்டும். சராசரி எடுக்க நேரம் பிடிக்கும், அந்த நேரம்தான் தாமதம். அழுத்தம் மட்டும் அளக்கும் கருவியை மிகவும் சுறுசுறுப்பாக அமைத்தால் நிற்கும் இடத்திலேயே கீச்சிடும். மிகவும் நிதானமாக அமைத்தால் தெர்மலைக் கடந்தபின் சொல்லும்.

இந்தத் தாமதம் ஹேங் கிளைடரை எவ்வளவு பாதிக்கிறது? வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்வில் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஆரம் சுமார் 25 மீட்டர், ஒரு சுற்றுக்கு 13 வினாடி. ஒரு வினாடி தாமதம் என்றால் 12 மீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள். வட்டத்தில் அது 27 பாகை. ஒன்றரை வினாடி என்றால் 40 பாகை. பீப் உச்சத்தில் கேட்ட இடத்தை நோக்கி வட்டத்தை நகர்த்தினால், உண்மையான மையத்தை விட்டு அந்த அளவு விலகித்தான் நகர்த்துவீர்கள். பாராகிளைடர் மெதுவாகப் போவதால் மீட்டர் கணக்கில் இந்த விலகல் சிறிது குறையும், பாகைக் கணக்கில் குறையாது. நமக்கு அந்த மீட்டர் சலுகையும் இல்லை.

முடுக்கமானி சேர்ந்த கருவி இங்கேதான் முந்துகிறது. தூக்கல் தொடங்கிய கணத்தை முடுக்கமானி பிடிக்கிறது, அழுத்த சென்சார் நீண்ட நேரப் பிழையைத் திருத்துகிறது. உடல் உணரும் தூக்கலும் காதில் விழும் பீப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். சிறிய, கரடுமுரடான தெர்மல்களில் இது பெரிய லாபம். பரந்து மெதுவாக எழும் மாலைநேரக் காற்றிலும், நீண்ட முகட்டின் ஏறுகாற்றிலும் வித்தியாசம் அதிகம் தெரியாது. முகட்டோரம் மட்டுமே பறப்பவர் இதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

இந்த வகைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. இயக்கியவுடன் சில வினாடி அசையாமல் தரையில் வைக்க வேண்டும். கையில் ஆட்டிக்கொண்டே இயக்கினால் உள்ளே திருப்பத்தை அளக்கும் சுழற்சிமானியின் தொடக்க அளவு தவறிப்போய், பறக்கும்போது காரணமில்லாமல் ஏற்றம் காட்டும். திசைகாட்டி சென்சாரும் உள்ளே இருந்தால், காந்தப் பிடிமானம் வைத்த போன் உறையின் பக்கத்தில் பொருத்தக் கூடாது.

பாரைத் தள்ளினால் வரும் பொய்த் தெர்மல்

மினி வேரியோ வாங்குபவர்களில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. வினாடிக்கு 15 மீட்டரில் போய்க்கொண்டிருந்து, பாரை (கையில் பிடிக்கும் குறுக்குக் கம்பியை) முன்னே தள்ளி 10 மீட்டருக்கு வேகத்தைக் குறைத்தால், இயக்க ஆற்றல் உயரமாக மாறுகிறது. கணக்குப்படி 6.4 மீட்டர். இதை 3 வினாடியில் செய்தால் வினாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் வருகிறது. கிளைடரின் சொந்த இறக்கத்தைக் கழித்தாலும், காற்று துளியும் அசையாத இடத்தில் வினாடிக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று கருவி உற்சாகமாகக் கூவும். புதியவர் அங்கேயே திரும்பிச் சுற்றத் தொடங்குவார், உயரம் கரையும்.

கருவி சொன்னது பொய்யில்லை; உண்மையாகவே ஏறினீர்கள், ஆனால் ஏற்றியது காற்று அல்ல. சுறுசுறுப்பான கருவியில் இந்த மயக்கம் இன்னும் கூர்மையாகக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இதைச் சரிக்கட்டக் காற்றுவேகத்தை அளக்கும் கருவியோ, உறிஞ்சு அழுத்தம் தரும் தனிக் குழாயோ வேண்டும். வேகச் சென்சார் இணைக்கக்கூடிய பெரிய கருவிகள் சில உண்டு. மினிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். மாற்று வழி பழக்கம்தான்: வேகம் மாறிய பிறகு நிலைப்படும்வரை, குறைந்தது 3 வினாடி, பீப்பை நம்பாதீர்கள். சுற்றும்போது பாரை ஒரே இடத்தில் பிடியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் துளை. கருவியின் காற்றுத்துளை எதிர்க்காற்றை நேராகப் பார்த்தால், வினாடிக்கு 10 மீட்டரில் சுமார் 60 பாஸ்கல், 15 மீட்டரில் சுமார் 135 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் உள்ளே ஏறும். வித்தியாசம் 75 பாஸ்கல். உயரக் கணக்கில் 6 மீட்டருக்குச் சற்று மேல். பாரை இழுத்து வேகமெடுக்கும்போது நிஜமாக இறங்கியதும் இந்த அழுத்தமும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, பிழை இரட்டிப்பாகிவிடும். துளை பின்புறம் பார்த்தாலோ, மெல்லிய நுரைப்பஞ்சு மறைவில் இருந்தாலோ பெரும்பகுதி தணியும். வாங்குமுன் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருத்தும் இடத்தை அதுதான் தீர்மானிக்கும்.

எங்கே பொருத்துவது

பாராகிளைடரில் கருவி மடியில் கிடக்கும். நமக்கு அப்படி ஒரு மேசை இல்லை. பேஸ் பார் (கையில் பிடிக்கும் அந்தக் குறுக்குக் கம்பி), டவுன்ட்யூப் (அதை இறக்கையோடு இணைக்கும் பக்கக் கம்பி), ஹெல்மெட், இந்த மூன்றே இடங்கள்.

பேஸ் பாரில் வைத்தால் திரையைப் பார்க்க வசதி, ஆனால் ஒலி காதுக்கு வருமுன் காற்று அடித்துக்கொண்டு போகும். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால், அதிலும் காதை மூடும் முழுமுக ஹெல்மெட்டில், சின்ன பீப்பர் காணாமலே போகும். இறங்கும்போது மூக்கு குத்தினால் முதலில் அடிபடுவதும் பேஸ் பாரில் இருப்பதுதான். டவுன்ட்யூபில் வைத்தால் அடி சற்றுக் குறைவு. ஆனால் இறங்குமுன் கை டவுன்ட்யூபுக்கு மாறும்போது பிடிக்கும் இடத்துக்குக் குறுக்கே கருவி நிற்கக் கூடாது. கட்டுமுன் அந்தக் கைமாற்றத்தைத் தரையிலேயே பத்து முறை செய்து பாருங்கள்.

ஒலி மட்டும் தரும் மினிக்குச் சரியான இடம் ஹெல்மெட்டின் பக்கவாட்டு, காதுக்குச் சற்றுப் பின்னால். நேர் பின்புறம் வேண்டாம். படுத்த நிலையில் தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு ஹார்னெஸின் முதுகில் இடித்து ஒட்டியதைப் பெயர்த்துவிடும். ஹெல்மெட் தயாரிப்பாளர் பசையை அனுமதிக்கிறாரா என்று முதலில் கையேட்டில் பாருங்கள், சில ஓடுகளைக் கரைப்பான்கள் பலவீனமாக்கும். அனுமதி உண்டென்றால் இடத்தைத் துடைத்து உலர்த்தி, பசை வெல்க்ரோவை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். ஒட்டிய அன்றே பறந்தால் வெயிலில் பசை நழுவும். வெல்க்ரோவை மட்டும் நம்பக் கூடாது: ஹெல்மெட்டின் பட்டைக்கும் கருவிக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்குள் பாதுகாப்புக் கயிறு கட்டாயம். 800 மீட்டரிலிருந்து விழும் 40 கிராம் பொருளும் கீழே நிற்பவருக்கு ஆபத்துதான்.

ஹெல்மெட்டில் வைப்பதில் ஒரு விலை உண்டு. தலையைச் சட்டென்று தூக்கினால் 20 செ.மீ. ஏற்றம், கருவி ஒரு கீச்சு விடும். இரண்டு பறத்தலில் காது அதைத் தானாக வடிகட்டப் பழகிவிடும்.

சூரிய ஒளிக் கருவி வாங்குவோர் கேட்க வேண்டியது வேறு. பாராகிளைடரின் குடை பைலட்டுக்கு பல மீட்டர் மேலே இருக்கிறது. ஹேங் கிளைடரின் இறக்கை தலைக்கு மேலேயே விரிந்திருக்கிறது. நடுப்பகலில் நம் ஹெல்மெட் நிழலில்தான் பறக்கும். பறக்கும்போதே முழுசாகச் சார்ஜ் ஆகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. உள்ளே பேட்டரியும், யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்யும் வசதியும் இருந்தால் கவலை இல்லை. இரண்டும் இல்லாவிட்டால் பறக்கும் முன் ஹெல்மெட்டை வெயிலில் வைக்கப் பழகுங்கள். ஆனால் துளை வழியாக நேர்வெயில் சென்சாரில் படக் கூடாது. எம்எஸ்5611 போன்ற சென்சார்கள் வெளிச்சத்துக்கு எதிர்வினை காட்டும். நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்தால் கருவி காரணமில்லாமல் ஏற்றமும் இறக்கமும் பாடும். நுரைப்பஞ்சு இதற்கும் மருந்து.

வெறும் போன்

பலர் முதலில் கேட்பது இதைத்தான்: போனே இருக்கிறதே, போதாதா? பதில் மூன்று இடத்தில் சறுக்குகிறது. எல்லாப் போனிலும் அழுத்த சென்சார் கிடையாது. அது இல்லாவிட்டால் செயலி ஜிபிஎஸ் உயரத்தை வைத்து ஏற்றம் கணக்கிடும், அது தாமதமும் தள்ளாட்டமும் நிறைந்தது, தெர்மல் தேட உதவாது. சென்சார் இருந்தாலும், நீர்புகாத போன்களில் திரையை விரலால் அழுத்தினாலே உள்ளே அழுத்தம் ஏறி, கீழே இறங்குவதாகக் கருவி நினைக்கும். மூன்றாவது, கறுப்புப் போன் வெயிலில் சூடேறித் தானாக அணையும். குளிரில் பேட்டரி சட்டென்று சரியும். ஒலிக்கு அதை நம்பிப் பறப்பது தவறு.

ஆனால் முடுக்கமானி மினியோடு சேர்த்தால் அதே போன் பொன்னாகிறது. மினி எல்கே8இஎக்ஸ்1 என்ற வடிவில் அழுத்தம், உயரம், ஏற்றம், வெப்பம், பேட்டரி ஆகியவற்றைப் புளூடூத்தில் அனுப்பும். எக்ஸ்சிட்ராக், எக்ஸ்சிசோர் போன்ற செயலிகள் அதை வாங்கிக்கொள்ளும். ஐபோன் வைத்திருப்பவர் கருவி குறைந்த ஆற்றல் புளூடூத் வகையா என்று பார்க்க வேண்டும், பழைய வகை அதில் இணையாது. இணைத்தபின் மறக்காமல் போனின் வேரியோ ஒலியை அணைத்துவிடுங்கள். இரண்டும் அரை வினாடி இடைவெளியில் பீப் அடித்தால் எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் இழப்பீர்கள். போனின் அறிவிப்பு ஒலிகளும் அப்படித்தான், விமானப் பயன்முறையில் போட்டு புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். பறக்கும் இடத்தில் நேரடி இருப்பிடப் பகிர்வு தேவை என்றால் மட்டும் வலையமைப்பை விடலாம்.

பெரிய திரைக் கருவி வேண்டிய இடம்

ஒலி சொல்ல முடியாதவை சில உண்டு. விமானங்களுக்காகக் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியின் எல்லைக்குக் கீழே எத்தனை மீட்டரில் இருக்கிறீர்கள் என்பதை பீப் சொல்லாது. கடந்த 20 வினாடியின் சராசரி ஏற்றம் தெரியாது. பீப் உற்சாகமாக இருந்தாலும் வட்டத்தின் பாதியில் ஏறி மறுபாதியில் இறங்கிக்கொண்டிருக்கலாம், அப்போது தங்குவதா கிளம்புவதா என்று எண்தான் தீர்மானிக்கும். அடுத்த இறங்குதளத்துக்குச் சறுக்கு விகிதம் போதுமா என்பதும் அப்படியே. போட்டியில் ஐஜிசி வடிவில் பறந்த பாதையின் பதிவு கேட்பார்கள். ஜிபிஎஸ் இல்லாத மினியில் அது கிடையாது.

கட்டுப்பாட்டு வான்வெளிக்குப் பக்கத்தில் பறப்பவருக்கு உயரம் காட்டும் ஒரு திரை கட்டாயம், இதில் பேரம் பேச முடியாது. அது பெரிய கருவியாகத்தான் இருக்க வேண்டுமா, மினியும் போனும் சேர்ந்து போதுமா என்பது பறத்தலின் நீளத்தைப் பொறுத்தது. இரண்டு மூன்று மணி நேரம் வரை பின்னது தாங்கும். அதைத் தாண்டியும், கையுறை போட்ட விரலால் பொத்தான் அழுத்த வேண்டிய குளிரிலும், வெயிலில் வாசிக்க வேண்டிய நடுப்பகலிலும் தனிக் கருவியே நிம்மதி. அதை வைத்திருப்பவரும் மினியைக் கழற்றி எறிய வேண்டாம்: திரைக் கருவியின் பேட்டரி பாதி வழியில் போனால், அந்தப் பறத்தலைக் காப்பாற்றுவது ஹெல்மெட்டில் இருக்கும் பீப்தான்.

பயிற்சி மேட்டில் ஓடி எழுந்து நேராக இறங்குபவருக்கு எதுவும் தேவையில்லை. அங்கே பீப் கவனத்தைக் கலைக்கும். முதன்முறை முகட்டோரம் அரைமணி நேரம் நிற்கத் தொடங்கியவருக்கு அழுத்தம் மட்டும் அளக்கும் மினி சரியான முதல் கருவி. தெர்மலில் சுற்றத் தொடங்கியதும், தொலைதூரம் யோசிக்கத் தொடங்கியதும் முடுக்கமானி மினியும் போனும். ஆரம்பத்திலேயே பெரிய திரை வாங்குபவர்கள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் வரும் கிளைடரைத் தவறவிடும் அபாயத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

அமைப்பில் மாற்ற வேண்டியவை

பெட்டியிலிருந்து எடுத்த அமைப்பு பெரும்பாலும் பாராகிளைடருக்கு ஏற்றது. ஏற்ற ஒலி தொடங்கும் எல்லையை வினாடிக்கு 0.1 அல்லது 0.2 மீட்டரில் வையுங்கள். இறக்க எச்சரிக்கையைக் கட்டாயம் கீழே தள்ளுங்கள்: வேகமாகச் சறுக்கும்போது நம் கிளைடர் வினாடிக்கு ஒன்றரை, 2 மீட்டர் இறங்குவது இயல்பு, எச்சரிக்கை அங்கேயே நின்றால் சறுக்கல் முழுக்க முனகிக்கொண்டே வரும், கடைசியில் அதைக் காது கேட்பதையே நிறுத்திவிடும். மைனஸ் 2.5 முதல் 3 வரை பொருத்தமாக இருக்கும். பூஜ்யத்துக்கும் மைனஸ் 0.5-க்கும் நடுவே மெல்லிய ஒலி தரும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். கிளைடரின் குறைந்தபட்ச இறக்கம் சுமார் 1 மீட்டர். கருவி மைனஸ் 0.5 காட்டினால் சுற்றியுள்ள காற்று உண்மையில் அரை மீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது, தெர்மல் பக்கத்தில் இருக்கலாம் என்று பொருள்.

ஒலியின் சுருதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மிக உயரமாக வைக்க வேண்டாம். வயது கூடக்கூட 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது மங்கும். காற்றிரைச்சலோ கீழ்ச்சுருதியில்தான் அதிகம். நடுவில் நிற்கும் ஒலிதான் தேறும். கையில் பிடிக்கும் 5 வாட் ரேடியோவை கருவியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பேசும் பொத்தானை அழுத்தியதும் வேரியோ கூவினால் அது தெர்மல் இல்லை, ரேடியோ அலை.

பழைய கருவி வாங்குவோருக்கு

கருவியை இயக்கி, காற்றோட்டம் இல்லாத அறையில் மேசைமேல் பத்து நிமிடம் வையுங்கள். ஒருமுறைகூட ஒலி வரக் கூடாது. வந்தால் சென்சார் சோர்ந்திருக்கிறது அல்லது துளையில் அழுக்கு. பிறகு இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை, மொத்தம் ஒரு மீட்டர், இரண்டு வினாடியில் சீராகத் தூக்குங்கள், அது வினாடிக்கு அரை மீட்டர். முடுக்கமானி உள்ளது உடனே சொல்லும், அழுத்தம் மட்டும் அளப்பது கை பாதி வழி போனபின் தொடங்கும். அடுத்து, காற்றுள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, பையை மெல்ல அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது இறக்கமும் விடும்போது ஏற்றமும் கேட்டால் துளை திறந்திருக்கிறது. முடுக்கமானிக் கருவி இந்தப் பையில் குழம்பும், அசையாமல் உயரம் மாறுவதை அது நம்பாது. அதைக் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். துளையில் தூசி இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். அழுத்தக் காற்றை ஊதினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விடும், அதற்குப்பின் எந்தச் சோதனையும் பலிக்காது.